மனநோயும் மூளையின் ஆக்ஸிஜனும்

ஒருவருக்கு பைபோலார் டிஸ்ஆர்டர், அதாவது அளவுமீறிய எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் இருக்கிறது என்று மருத்துவர் முடிவு செய்வது பேச்சைக் கேட்டுத்தான். எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை, பணம் எப்படிக் கைமீறிச் செலவானது, பேச்சில் வேகம் எப்போது கூடியது, அதற்கு முன் மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழாமல் கிடந்தது உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று நோயாளியிடமும் கூட வந்தவர்களிடமும் விசாரித்துத்தான் நோய் கணிக்கப்படுகிறது. ரத்தமும் எடுப்பார்கள். தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம் எல்லாம் பார்ப்பார்கள். வேறு நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளவும், மருந்தை உடல் தாங்குமா என்று அறியவும் அவை உதவும். ‘இவருக்கு இருதுருவ நோய்’ என்று அச்சடித்துத் தரும் ரத்தப் பரிசோதனை இன்றுவரை கிடையாது.

ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லையென்றால் உடம்பிலும் ஒன்றும் இல்லை என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். எழுச்சிக் கட்டத்தில் இருப்பவருக்குத் திமிர் பிடித்துவிட்டது என்கிறார்கள். சோர்வுக் கட்டத்தில் கிடப்பவரைச் சோம்பேறி என்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இந்நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாமலே இருக்கிறார்கள். உலக அளவில் சுமார் 4 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது.

இந்நோயில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதற்கான தடயங்களை ஆய்வாளர்கள் பல திசைகளில் தேடிவருகிறார்கள். அவற்றில் திரும்பத் திரும்பத் தென்படும் ஒன்று, ஆக்ஸிஜனேற்ற அழுத்தம். அது மெய்யாகவே இருக்கிறது என்பதற்கு இன்று நல்ல சான்றுகள் உள்ளன. அதைக் காரணம் காட்டி, ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை வாங்கி விழுங்கலாமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்வது நோயாளிக்கும் குடும்பத்துக்கும் மிகவும் முக்கியம்.

ஆக்ஸிஜன் செய்யும் சேதம்

மூளையின் எடை உடல் எடையில் 2 விழுக்காடுதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடல் செலவிடும் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய 20 விழுக்காடு அதற்கே போகிறது. ஒரு நரம்பு செல் ஒருமுறை மின்துடிப்பை அனுப்பியதும், உள்ளே புகுந்த சோடியத்தை வெளியே தள்ளி, வெளியேறிய பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும். இந்த வேலை இரவும் பகலும் நிற்பதில்லை. அதற்கான ஆற்றலில் பெரும்பகுதியைத் தயாரிப்பவை செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள்.

மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் சில பெரிய புரதத் தொகுதிகள் இருக்கின்றன. உணவிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் இவற்றின் வழியே ஒவ்வொன்றாகக் கைமாறிச் செல்கின்றன. கடைசியில் ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு நான்கு எலக்ட்ரான்களைப் பெற்று நீராகிறது. இந்த வழியில் சில எலக்ட்ரான்கள் இடையிலேயே நழுவி, பக்கத்தில் இருக்கும் ஆக்ஸிஜனில் ஒட்டிக்கொள்கின்றன. ஒற்றை எலக்ட்ரான் ஏறிய அந்த ஆக்ஸிஜனுக்கு சூப்பராக்ஸைடு என்று பெயர். இணையில்லாத எலக்ட்ரானைச் சுமக்கும் இத்தகைய துகள்களே ஃப்ரீ ராடிக்கல்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் காம்பெர்க் 1900இல் முதல் ஃப்ரீ ராடிக்கலைக் கண்டறிந்தார். அது ஆய்வகக் குடுவையில் உருவான ஒன்று. உயிருள்ள உடலிலும் இவற்றுக்கு வேலை உண்டு என்பது அரை நூற்றாண்டு கழித்தே பேசப்பட்டது. அர்ஜென்டினாவிலிருந்து அமெரிக்கா சென்ற ரெபெக்கா கெர்ஷ்மன், அளவுக்கு மீறிய ஆக்ஸிஜன் உடலில் ஏற்படுத்தும் நச்சுத்தன்மையும் எக்ஸ் கதிர் ஏற்படுத்தும் சேதமும் ஒரே வழியில், ஃப்ரீ ராடிக்கல்களால், நடக்கின்றன என்று 1954இல் தன் குழுவினருடன் எழுதினார். 1969இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் சூப்பராக்ஸைடு டிஸ்மியூடேஸ் என்ற நொதியின் வேலையைக் கண்டுபிடித்தார்கள். சூப்பராக்ஸைடைச் செயலிழக்கச் செய்வதற்கென்றே ஒரு நொதியை உடல் வைத்திருக்கிறது என்றால், அந்தப் பொருள் அன்றாடம் உள்ளே உருவாகிறது என்றுதானே பொருள்? அதன் பிறகு யாரும் இதை அலட்சியப்படுத்த முடியவில்லை.

இந்த நொதி சூப்பராக்ஸைடை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றுகிறது. அதைக் கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் போன்ற நொதிகள் நீராக்கிவிடுகின்றன. நீராவதற்குள் அது தளர்வாக இருக்கும் இரும்பு அயனியைச் சந்தித்துவிட்டால் ஹைட்ராக்ஸில் ராடிக்கல் பிறக்கிறது. இது பக்கத்தில் எது இருந்தாலும் விடாது. கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எல்லாவற்றையும் தாக்கும். இப்படிச் சேதம் விளைவிக்கும் பொருள்கள் உருவாகும் வேகம், அவற்றை அடக்கும் உடலின் திறனை மிஞ்சிப் போகும் நிலையைத்தான் ஜெர்மனியின் ஹெல்முட் சீஸ் 1985இல் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்று வரையறுத்தார்.

மற்ற உறுப்புகளைவிட மூளைக்கு இதில் ஆபத்து அதிகம். அதன் உலர் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு. அதிலும் எளிதில் ஆக்ஸிஜனேற்றம் அடையும் கொழுப்பு அமிலங்கள் ஏராளம். சில பகுதிகளில் இரும்பும் நிறைய இருக்கிறது. கல்லீரலோடு ஒப்பிட்டால் கேட்டலேஸ் மிகக் குறைவு. இவற்றோடு டோபமைனும் சேர்ந்துகொள்கிறது. மோனோஅமீன் ஆக்ஸிடேஸ் என்ற நொதி டோபமைனைச் சிதைக்கும் ஒவ்வொரு முறையும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு உருவாகிறது. எழுச்சிக் கட்டத்தில் டோபமைனின் செயல்பாடு கூடுவதாகப் பல சான்றுகள் சொல்வதால், இருதுருவ நோயில் இந்த வேதியியலுக்குத் தனி முக்கியத்துவம் வருகிறது.

மூளை இதைச் சமாளிப்பதற்கு முதன்மையாக நம்பியிருப்பது குளூட்டாதயோன். குளூட்டமேட், சிஸ்டீன், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சிறிய மூலக்கூறு இது. மூன்றில் சிஸ்டீன்தான் பெரும்பாலும் தட்டுப்பாடாக இருக்கும். அது எவ்வளவு கிடைக்கிறதோ அதைப் பொறுத்தே குளூட்டாதயோன் உற்பத்தி அமையும்.

ஃப்ரீ ராடிக்கல் என்றாலே கெட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நுண்கிருமியை விழுங்கிய வெள்ளணுக்கள் அதைக் கொல்லப் பயன்படுத்துவது இவற்றைத்தான். நைட்ரிக் ஆக்ஸைடும் ஒரு ராடிக்கல்தான். ரத்தக் குழாயைத் தளர்த்துவதில் அதன் பங்கைக் கண்டறிந்ததற்காக மூன்று பேருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹைட்ரஜன் பெராக்ஸைடும் சிறு அளவில் செல்களுக்குள் தகவல் கடத்துகிறது. உடலுக்குத் தேவை சமநிலை. ஒட்டுமொத்தமாக எல்லாவற்றையும் துடைத்தெறிவதால் அது கிடைக்காது.

சோதனைக் குழாயில் இளஞ்சிவப்பு

ஹைட்ராக்ஸில் ராடிக்கலின் ஆயுள் நொடியில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. ரத்தத்தில் அதை நேரடியாக அளக்க வழியில்லை. அது விட்டுப்போன சேதத்தைத்தான் அளக்க முடியும்.

திறந்து வைத்த பழைய கடலை எண்ணெயில் சிக்கு வாடை வருவது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து உடைந்து, உடைந்தது அடுத்ததையும் உடைத்து, சங்கிலியாக நடக்கும் வினை அது. செல்சவ்வில் நடப்பதும் வேதியியல்படி அதே வினைதான். அதில் மிஞ்சும் துண்டுகளில் ஒன்று மலோன்டையால்டிஹைடு.

இதை அளக்கும் பழைய முறை பார்க்க அழகானது. பிளாஸ்மாவில் அமிலத்தைச் சேர்த்துப் புரதத்தைப் படிய வைப்பார்கள். தெளிந்த நீரில் தயோபார்பிட்யூரிக் அமிலத்தைக் கலந்து, ஏறக்குறைய கொதிநிலையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் குழாயை வைப்பார்கள். சேதம் இருந்தால் குழாயில் இளஞ்சிவப்பு நிறம் எழும். குளிரவைத்து, 532 நானோமீட்டர் அலைநீளத்தில் நிறத்தின் அடர்த்தியைக் கருவியில் படிப்பார்கள். நிறம் கூடக் கூடச் சேதம் அதிகம் என்று பொருள். எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யக்கூடிய, செலவு குறைந்த சோதனை. உணவு ஆய்வகங்களில் எண்ணெயும் இறைச்சியும் கெட்டுப்போயிருக்கின்றனவா என்று பார்ப்பதற்கும் இதே முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

குறைகளும் இதில் உண்டு. சில சர்க்கரைகளும் பித்த நிறமியும்கூட நிறம் காட்டும். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலோ, மாதிரியை உடனே குளிரில் வைக்காமல் மேசையில் விட்டாலோ, சேதம் குழாய்க்குள்ளேயே நடந்துவிடும். அதனால் இன்று துல்லியமான வழிகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். 1990இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்ட ஐசோபுரோஸ்டேன்களை நிறை நிறமாலைக் கருவியில் அளக்கிறார்கள். ஆக்ஸிஜனேற்றம் அடைந்த குவானின், அதாவது டிஎன்ஏவிலும் ஆர்என்ஏவிலும் நேர்ந்த சேதத்தின் மிச்சம், சிறுநீரில் எவ்வளவு வெளியேறுகிறது என்றும் பார்க்கிறார்கள்.

இருதுருவ நோயில் கண்டவை

2007இல் பிரேசில் ஆய்வாளர்கள், முதல் முறையாக எழுச்சிக் கட்டத்துக்குள் வந்து, இன்னும் மருந்து தொடங்காதவர்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். கொழுப்புச் சேதத்தின் அளவு அவர்களிடம் கூடியிருந்தது. சூப்பராக்ஸைடு டிஸ்மியூடேஸ் நொதியின் செயல்பாடும் கூடியிருந்தது. இந்நோய்க்கான மருந்தான லித்தியத்தை எடுத்துக்கொண்டவர்களிடம் கொழுப்புச் சேதம் குறைந்து காணப்பட்டது. மருந்தே இந்தச் சேதத்துக்குக் காரணமாக இருக்கலாமே என்ற ஐயத்தை இந்த ஆய்வு பெருமளவு விலக்கியது.

அனா ஆண்ட்ரியாஸாவும் சக ஆய்வாளர்களும் 2008இல், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். பிறகு 2014இல் அவர் பங்கேற்ற குழு மேலும் விரிவாக, 900க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளைக் கொண்டு அதே கணக்கைப் போட்டது. கொழுப்புச் சேதம், டிஎன்ஏ மற்றும் ஆர்என்ஏ சேதம், நைட்ரிக் ஆக்ஸைடு ஆகியவை ஆரோக்கியமானவர்களைவிட நோயாளிகளிடம் தெளிவாகக் கூடியிருந்தன. தற்காப்பு நொதிகளின் விஷயத்தில் ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஓர் ஆய்வில் கூடுதல், இன்னொன்றில் குறைவு. நோயின் எந்தக் கட்டத்தில் ரத்தம் எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தும் இது மாறுகிறது.

ரத்தத்தில் தெரிவது மூளையிலும் நடக்கிறதா? 2010இல் ஆண்ட்ரியாஸா குழுவினர், இறந்தவர்கள் தானமாகத் தந்த மூளைகளின் முன்மூளைப் புறணியை ஆராய்ந்தார்கள். இருதுருவ நோய் இருந்தவர்களின் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான் பயணத்தின் முதல் தொகுதியான காம்ப்ளெக்ஸ் 1 மந்தமாக இருந்தது. அதன் உறுப்புப் புரதம் ஒன்றின் அளவும் குறைந்திருந்தது. மனச்சோர்வு நோய், மனச்சிதைவு நோய் இருந்தவர்களின் மூளைகளில் அந்த அளவுக்கு இது காணப்படவில்லை. எலக்ட்ரான்கள் இடையில் நழுவும் முக்கிய இடங்களில் ஒன்று இந்தத் தொகுதி என்பதால் இந்தக் கண்டுபிடிப்புக்கு எடை கூடுகிறது.

உயிரோடிருப்பவர்களிடம் காந்த அதிர்வு நிறமாலையைக் கொண்டு செய்த ஆய்வுகளும் இதோடு பொருந்துகின்றன. மருந்து எடுத்துக்கொள்ளாத நோயாளிகளின் மூளையில் லாக்டேட் கூடியிருந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். மைட்டோகாண்ட்ரியா சரிவர உழைக்காதபோது செல்கள் ஆக்ஸிஜன் இல்லாத குறுக்குவழியில் ஆற்றல் தேடுகின்றன. அதன் விளைபொருள்தான் லாக்டேட். ஜப்பானின் தடாஃபூமி காட்டோ இருதுருவ நோயை மைட்டோகாண்ட்ரியாவோடு இணைத்து 2000இல் முன்வைத்த கருதுகோளுக்கு இவை எல்லாம் வலு சேர்த்தன.

மற்ற மனநோய்களில்

மனச்சிதைவு நோயில் கதை குளூட்டாதயோனிலிருந்து தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தின் லோசானைச் சேர்ந்த கிம் டோவின் குழு, நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரில் குளூட்டாதயோன் 27 விழுக்காடும், முன்மூளையின் நடுப்பகுதியில் 52 விழுக்காடும் குறைந்திருந்ததாக 2000இல் வெளியிட்டது. பின்னர் வந்த ஆய்வுகளில் இந்தக் குறைவு இவ்வளவு பெரிதாக இல்லை. ஆனாலும் அந்த ஆய்வு ஒரு முக்கியமான வழியைத் திறந்தது. மூளையின் தாளத்தை ஒழுங்குபடுத்தும் பார்வால்புமின் நரம்பு செல்கள் மிக வேகமாகத் துடிப்பவை. அதனால் ஆற்றல் தேவையும் அதிகம், ஆக்ஸிஜனேற்றச் சேதத்துக்கு ஆளாவதும் எளிது. மனச்சிதைவுக்காக உருவாக்கப்பட்ட வெவ்வேறு விலங்கு மாதிரிகள் பலவற்றிலும் இந்தச் செல்களே பாதிக்கப்படுவதை அதே குழு பின்னர் காட்டியது.

மனச்சோர்வு நோயிலும் ஐசோபுரோஸ்டேன்களும் டிஎன்ஏ சேதத்தின் அடையாளமும் கூடியிருப்பதைத் தொகுப்பாய்வுகள் உறுதி செய்திருக்கின்றன. இதனால் ஒன்று தெளிவாகிறது. ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் இருதுருவ நோய்க்கு மட்டும் உரிய அடையாளம் கிடையாது. நீரிழிவிலும் இதய நோயிலும்கூட இது கூடுகிறது. ஆகவே ‘ஆக்ஸிஜனேற்ற அழுத்த டெஸ்ட்’ எடுத்து மனநோயைக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அதற்குப் பணம் கட்ட வேண்டாம்.

இந்தச் சிந்தனைக்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1950களில் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஆப்ராம் ஹோஃபரும் ஹம்ஃப்ரி ஆஸ்மண்டும், ஆக்ஸிஜனேற்றம் அடைந்த அட்ரினலினே மனச்சிதைவுக்குக் காரணம் என்றார்கள். அட்ரினலின் கரைசல் வெளிச்சத்திலும் காற்றிலும் பழசாகி இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறத்தைத் தரும் பொருளான அட்ரினோகுரோம் உடலிலும் உருவாகி மனதைக் குழப்புகிறது என்பது அவர்கள் வாதம். அதைத் தடுக்க நியாசினையும் வைட்டமின் சியையும் மிகப் பெரிய அளவில் கொடுத்தார்கள். ஆனால் மற்றவர்கள் முறையாகச் சோதித்தபோது பலன் தெரியவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் குழு 1973இல் இந்தச் சிகிச்சையை நிராகரித்தது. கருத்து எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், சிகிச்சை வேலை செய்கிறதா என்பதை நோயாளிகளிடம் முறையாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும் என்பதற்கு இது நல்ல பாடம்.

காரணமா, விளைவா?

நோயால் சேதம் வருகிறதா, சேதத்தால் நோய் வருகிறதா என்பது இத்துறையின் மையக் கேள்வி. மனநோய் உள்ளவர்களிடம் புகைப்பழக்கம் அதிகம். தூக்கம் கெடுகிறது. சில மருந்துகளால் எடை கூடுகிறது. இவை ஒவ்வொன்றும் தனியாகவே ஆக்ஸிஜனேற்றச் சேதத்தைக் கூட்டக்கூடியவை.

விலங்கு ஆய்வுகள் இரண்டு திசையிலும் வழி இருப்பதைச் சொல்கின்றன. பிரேசிலில் எலிகளுக்கு ஆம்ஃபெடமைன் கொடுத்து, எழுச்சிக் கட்டத்தை ஒத்த அமைதியற்ற ஓட்டத்தை வரவழைத்தார்கள். எலிகளின் முன்மூளைப் புறணியிலும் ஹிப்போகேம்பஸிலும் கொழுப்பும் புரதமும் சேதமடைந்தன. இந்நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளான லித்தியமும் வால்புரோயேட்டும் ஓட்டத்தையும் சேதத்தையும் ஒருசேரத் தணித்தன. டோபமைன் மிகுந்தால் சேதம் வரும் என்பதை இது காட்டுகிறது. மறுபுறம், குளூட்டாதயோன் குறைவாக இருக்கும்படி மரபணு மாற்றம் செய்யப்பட்ட சுண்டெலிகளில் பார்வால்புமின் செல்கள் பாதிக்கப்பட்டு நடத்தையும் மாறுகிறது. சேதமும் நோய்க்கு வழி திறக்கலாம் என்று பொருள். ஒன்று மற்றொன்றை வளர்க்கும் சுழற்சி என்பதே இன்றைய சான்றுகளுக்கு மிகவும் பொருந்தும் விளக்கம். நோய் திரும்பத் திரும்ப வருவதைத் தடுப்பது ஏன் அவசியம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு முறை வரும்போதும் உடல் அதற்கு விலை கொடுக்கிறது.

லித்தியம் செய்யும் வேலை

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் அருகே பண்டூராவில் இருந்த மருத்துவமனையில் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர், எழுச்சி நோய்க்குக் காரணமான நச்சு நோயாளிகளின் சிறுநீரில் இருக்கும் என்று கருதினார். அதில் யூரிக் அமிலத்தின் பங்கைப் பார்க்க, அந்த அமிலத்தை நீரில் கரைய வைப்பதற்காக லித்தியம் உப்பாகக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்தினார். அவை அடங்கி அமைதியாயின. பிறகு பத்து எழுச்சி நோயாளிகளுக்கு லித்தியம் கொடுத்துப் பார்த்து 1949இல் கட்டுரை வெளியிட்டார். ஆண்டுக்கணக்கில் நோய் நீங்காமல் இருந்த முதல் நோயாளி வீடு திரும்பி வேலைக்கும் போனார். மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. அடுத்த ஆண்டு அதே மனிதர் லித்தியத்தின் நச்சுத்தன்மையால் இறந்தார். பலனும் ஆபத்தும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது அந்த ஒருவர் கதையிலேயே தெரிந்துவிட்டது. டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ 1954இல் முறையான சோதனையை வெளியிட்டார். ரத்தத்தில் அளவு பார்த்துக் கொடுக்கும் வழக்கம் நிலைபெற்ற பிறகு, 1970இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதை அங்கீகரித்தது.

லித்தியம் வேலை செய்யும் வழிகள் பல. ஜிஎஸ்கே-3 என்ற நொதியை அது தடுக்கிறது என்பது 1996இல் தெரிந்தது. செல்லைச் சாவிலிருந்து காக்கும் பிசிஎல்-2 புரதத்தைக் கூட்டுகிறது என்பதும் பின்னர் தெரிந்தது. எலி மூளையின் நரம்பு செல்களில் லித்தியத்தையும் வால்புரோயேட்டையும் நீண்ட நாள் கொடுத்தபோது குளூட்டாதயோன் கூடி, ஆக்ஸிஜனேற்றச் சேதம் குறைந்தது. எழுபது ஆண்டுகளாக மனநிலையை நிலைப்படுத்தி வரும் ஒரு மருந்து, மூளையின் சொந்தத் தற்காப்பையும் வலுப்படுத்துகிறது என்பது இத்துறையின் அருமையான கண்டுபிடிப்புகளில் ஒன்று.

மாத்திரை பலன் தந்ததா?

சிஸ்டீன் தட்டுப்பாடுதான் குளூட்டாதயோனைக் குறைக்கிறது என்றால், சிஸ்டீனைக் கொடுத்துப் பார்க்கலாமே? என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்து ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. நெஞ்சுச் சளியை இளக்கக் கொடுப்பார்கள். பாரசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவர்களின் கல்லீரலைக் காப்பதற்கும் கொடுப்பார்கள். கல்லீரலில் தீர்ந்துபோன குளூட்டாதயோனை அது மீண்டும் நிரப்புகிறது.

ஆஸ்திரேலியாவில் மைக்கேல் பெர்க் குழு, இருதுருவ நோய் உள்ள 75 பேரை இரண்டாகப் பிரித்து, அவர்களின் வழக்கமான மருந்துகளோடு ஒரு பிரிவுக்கு இந்த மருந்தை நாளொன்றுக்கு 2 கிராம் வீதமும் மறு பிரிவுக்கு வெற்று மாத்திரையும் 24 வாரங்கள் கொடுத்தது. யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. 2008இல் வெளியான முடிவின்படி, மருந்து பெற்றவர்களின் சோர்வு கணிசமாகக் குறைந்தது. அதே ஆண்டு, மனச்சிதைவு நோய் உள்ள 140 பேரிடமும் ஓரளவு பலன் தெரிந்தது. உலகெங்கும் நம்பிக்கை பிறந்தது.

அடுத்து வந்த சோதனைகள் அந்த நம்பிக்கையைத் தாங்கவில்லை. ஆஸ்திரேலியாவில் இருதுருவ நோய் உள்ள 181 பேரிடம் 16 வாரங்கள் செய்த பெரிய சோதனையில், வெற்று மாத்திரைக்கும் இதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. டென்மார்க்கில் 80 பேருக்கு நாளொன்றுக்கு 3 கிராம் கொடுத்தபோதும் பலன் இல்லை. இரண்டும் 2019இல் வெளியானவை. ஆக்ஸிஜனேற்றச் சேதம் அதிகமாக உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் பலன் தெரியுமா என்பது நியாயமான கேள்வி. ஆய்வுகள் அந்தத் திசையில்தான் போக வேண்டும். அதுவரை இதை இருதுருவ நோய்க்கான சிகிச்சை என்று சொல்வது சரியில்லை.

‘பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே’ என்று பலர் கேட்பார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. ஆன்டிஆக்ஸிடன்டான பீட்டா கரோட்டின் பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994இல் வந்த முடிவில் அது 18 விழுக்காடு கூடியிருந்தது. 2009இல் ஜெர்மனியில் இளைஞர்களுக்கு உடற்பயிற்சியோடு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளையும் கொடுத்தபோது, பயிற்சியால் இன்சுலின் செயல்பாட்டுக்குக் கிடைக்க வேண்டிய நன்மையே தடைபட்டது. பயிற்சியின்போது சிறிதளவு எழும் ராடிக்கல்கள்தான் உடலின் சொந்தத் தற்காப்பைத் தட்டி எழுப்புகின்றன. மாத்திரை அந்தச் சமிக்ஞையை அடக்கிவிட்டது. பழத்திலும் கீரையிலும் உள்ளது நல்லது என்பதால், அதைப் பிரித்தெடுத்துப் பெரிய அளவில் விழுங்குவதும் நல்லது என்று ஆகிவிடாது.

நோயாளிக்கும் குடும்பத்துக்கும்

இந்த அறிவியலிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? மனநோய் உடம்பின் நோய். செல்சவ்விலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் டிஎன்ஏவிலும் அதன் தடம் இருக்கிறது. நோயாளியைத் திமிர் பிடித்தவர் என்றோ சோம்பேறி என்றோ செய்வினைக்கு ஆளானவர் என்றோ சொல்வதற்கு இனி யாருக்கும் இடமில்லை.

லித்தியம் எடுத்துக்கொள்பவர்கள் அதை விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் சிகிச்சையில் பொதுவாக ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கும்படி மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. கடைசி மாத்திரை எடுத்து 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுங்கள். தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகளையும் தவறவிடாதீர்கள். கோடை வெயிலில் வியர்த்து நீர் வற்றினாலும், வாந்தி பேதி வந்தாலும், திடீரென்று உப்பில்லாப் பத்தியம் இருந்தாலும் லித்தியம் ரத்தத்தில் ஏறிவிடும். மருந்துக் கடையில் தாமாக வாங்கும் இபுப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் அதை ஏற்றும். கை நடுக்கம் கூடினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையையும் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். அதை நம்பி, கொடுத்த மருந்தை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். புகையை விடுவது, தினமும் ஒரே நேரத்தில் தூங்கி எழுவது, நடப்பது, காய்கறியும் பழமும் மீனும் சாப்பிடுவது ஆகியவை மருந்துக்குத் துணை நிற்கும். மருந்துக்கு மாற்றாக ஆகா. வீட்டில் யாருக்காவது நாள்கணக்கில் தூக்கமே தேவைப்படாத உற்சாகமோ, வாரக்கணக்கில் விலகாத சோர்வோ வந்தால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.